இரண்டு சாவி தரும் இடம்

ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிற என்னை இன்றைக்கும் பிரஸ்ஸிலிருந்து பிள்ளைகள் போனில் கூப்பிடுகிறார்கள். "அக்கா, அந்த எழுத்து மாத்துற சாப்ட்வேரை நீங்கதான் எழுதினீகளாமே, எப்படி எழுதினீக?" என்று கேட்கிறார்கள். எப்படி எழுதினேன் என்பதில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. புத்தகத்தைப் பார்த்து எழுதினேன், தப்பாக வந்தது, திருத்தினேன். அதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்பதில்தான் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதை மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. கேட்காவிட்டால் என்ன, நானே சொல்கிறேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

என் பெயர் எஸ்தர். ஊர் விருதுநகர். தட்டச்சு ஹையர் முடித்த கையோடு சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் சேர்ந்தேன். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் பயந்து ஒதுங்கினார்கள், நான் போய் உட்கார்ந்துகொண்டேன். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்களில், கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிற டிடிபி பிரிவு முழுக்க என் பொறுப்பில் இருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இருந்தவரை வீட்டில் ஒரு பேச்சுக் குரல் இருந்தது. அவள் போன பிறகு, காலையில் நான் வைத்துவிட்டுப் போன டம்ளர் சாயங்காலமும் அதே இடத்தில் இருக்கும். யாராவது வந்து திருடிக்கொண்டு போனால்கூடத் தேவலை என்று தோன்றும்.

எங்கள் அச்சகத்துக்கு உயிர் தினசரி காலண்டர்தான். ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருஷ மாதிரிகளோடு புது ஆல்பம் வெளியாகும், அன்றிலிருந்து வருஷக் கடைசி வரை சீசன். ஆர்டர் கொடுக்கிறவர்கள் ராசிபலன், விசேஷ நாள், கடைப் பெயர் எல்லாவற்றையும் தாங்களே டைப் செய்து அனுப்புவார்கள். அங்கேதான் தொல்லை. அப்போது ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஒவ்வொரு கணக்கில் இருந்தது. மதுரையில் ஒரு எழுத்துருவில் அடித்த 'ராகு காலம்' எங்களிடம் உள்ள எழுத்துருவில் திறந்தால் கேள்விக்குறியும் ஆங்கில எழுத்துமாகக் கிடக்கும். உட்கார்ந்து முதலிலிருந்து அடிக்க வேண்டும். சீசன் நேரத்தில் அதைச் செய்கிறவளுக்குத்தான் அந்த வலி தெரியும். நான் செய்தேன். வெறுத்துப்போய்தான் ஓர் எழுத்துருவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற நிரலை எழுத ஆரம்பித்தேன். வீட்டில் சீட்டுக் கட்டி வாங்கிய பழைய கம்ப்யூட்டரில், என் சொந்த நேரத்தில் எழுதினேன்.

இணையத்தில் தமிழ் எழுத்துக்காகவே, ஈமெயிலில் பேசிக்கொள்கிற ஒரு மடற்குழு இருந்தது. அதில் என் நிரலைப் போட்டுவிட்டு, தப்பு இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் இணைய இணைப்பு கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பஸ் நிலையத்துப் பக்கம் பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பார்த்தால், நார்வேயிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது.

"அக்கா, நான் நேசன். ஊர் யாழ்ப்பாணம். இஞ்ச மீன் பக்டரியில வேலை செய்யிறன். உங்கட நிரலைப் பாத்தனான். ஒற்றைக்கொம்பு வாற இடத்தில பிழை விடுது. திருத்தி அனுப்பியிருக்கிறன். குறை நினையாதேங்கோ."

குறை நினைக்கிறதாவது! என் வேலையை ஒரு மனுஷன் வரி வரியாகப் படித்தது அதுதான் முதல் தடவை. பிரஸ்ஸில் நான் செய்கிற வேலையைத் தப்பு வந்தால் மட்டும்தான் பார்ப்பார்கள். நான் பதில் எழுதினேன், அவர் எழுதினார். பாதி நிரல் அவர் கையால் ஆனது. நடு நடுவே அங்கே பெய்கிற பனியைப் பற்றி எழுதுவார், நான் இங்கே அடிக்கிற வெயிலைப் பற்றிப் புலம்புவேன். போன் நம்பர் கேட்கலாமா என்று பல தடவை நினைத்திருக்கிறேன். கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று விட்டுவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பிரசங்கத்தைவிட அந்தக் கடிதங்களில்தான் புத்தி இருக்கும். கர்த்தர் மன்னிப்பார்.

நிரல் அப்போது நேசனின் சொந்த இணைய இடத்தில் இருந்தது. அவர் வீட்டு இணைய இணைப்போடு கம்பெனிக்காரர்கள் சேர்த்துக் கொடுத்த சின்ன இடம். ஒருநாள் எழுதினார்: "அக்கா, இந்த இடம் என்ர பேரில மட்டும் இருக்கு. எனக்கு ஒண்டு நடந்தால் நிரலும் போயிடும், நாங்கள் எழுதின பிழைத்திருத்தக் குறிப்புகளும் போயிடும். ரெண்டு பேரிட்டையும் திறப்பு இருக்கிற இடமாப் பாருங்கோ."

திறப்பு என்று அவர்கள் சொல்வது சாவியை, அதாவது உள்ளே போய் எதையும் மாற்றுகிற அதிகாரத்தை. கூடவே இன்னொன்றும் எழுதியிருந்தார்: "சேர முன்னம், அங்கயிருந்து எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட ஏலுமோ எண்டு பாருங்கோ. ஏலாட்டி அந்த இடம் வேண்டாம்." ஊரைவிட்டு ஒரு பையோடு கிளம்பியவர் அவர் என்று முன்னமே எழுதியிருந்தார். அந்த வரியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் எங்கள் முதலாளியிடம்தான் கேட்டேன். அவரை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும். அவர் யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டார். மேஜையில் எப்போதும் ஒரு புரூப் ஷீட் விரிந்திருக்கும், அச்சுப் புள்ளி பார்க்கிற லென்ஸில் கண் இருக்கும். "சொல்லு" என்பார். நாம் சொல்லி முடித்தால் பதில் வராது. லென்ஸை அடுத்த மூலைக்கு நகர்த்துவார். அந்த மௌனத்துக்குப் பயந்து நாம் இன்னும் கொஞ்சம் சொல்லுவோம், சொல்லக் கூடாததையும் உளறிவிடுவோம். அதற்காகத்தான் அவர் சும்மா இருக்கிறார் என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆனது. புரிந்த பிறகு நானும் சும்மா நிற்கப் பழகிக்கொண்டேன்.

கடைசியில் அவரே பேசினார். "நம்ம கம்பெனி வெப்சைட்டு இருக்குல்ல எஸ்தரு? அதுல ஒரு ஓரமாப் போட்டுக்க."

"ரெண்டு பேருக்குச் சாவி வேணும் அண்ணாச்சி. எனக்கு ஒண்ணு, என்கூட எழுதுறவருக்கு ஒண்ணு. அவரு நார்வேல இருக்காரு."

"ஆளை நேர்ல பார்த்திருக்கியா?"

"இல்ல."

"பார்க்காத ஆளுக்கு எதுக்குச் சாவி? வெடி குடோன் சாவிய ரோட்டுல போறவன்கிட்டயா குடுப்பாக?" நாரணாபுரத்தில் அவருடைய தம்பிக்குப் பட்டாசு ஆலை உண்டு. எதைப் பேசினாலும் அண்ணாச்சிக்குக் குடோனில் போய்த்தான் முடியும்.

அது சரிப்படாது என்று விட்டுவிட்டேன். அடுத்து, அமெரிக்காவில் ஒரு பெரிய தளம் இருந்தது. யாரும் காசில்லாமல் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று கட்டற்ற மென்பொருள் எழுதுகிற பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். பெயரைக் கொடுத்தால் உடனே இடம் தருவார்கள், இரண்டு சாவியும் தருவார்கள். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் விளம்பரம் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போன அதே வெள்ளைச் சேலையோடு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து திறந்து பார்க்கிறேன், திரையில் பாதிக்கு ஒரு வெள்ளைக்காரி நீச்சல் உடையில் படுத்துக்கொண்டு, உனக்குத் துணை வேண்டுமா என்று கேட்கிறாள்! பக்கத்து நாற்காலியில் எங்கள் சபைச் செயலாளர், மகனுக்குப் பரீட்சை ரிசல்ட் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன எஸ்தர், நல்லா இருக்கீகளா?" என்றார், திரையைப் பார்த்துக்கொண்டே.

"தமிழ் எழுத்து சம்பந்தமா ஒரு வேலைங்கய்யா" என்றேன். அவர் தலையை ஆட்டிய விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். விளம்பரத்தைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆனால் நேசன் கேட்டதுபோல, நம் பிழைக் குறிப்புகளையெல்லாம் ஒட்டுமொத்தமாக எடுத்துக்கொண்டு கிளம்ப வழி உண்டா என்று தேடினால், அங்கே வழி கண்ணில் படவில்லை. கேட்டு எழுதியதற்கும் பதில் இல்லை.

மூன்றாவதாக ஓரிடத்தை நேசன் சொன்னார். லாபம் பார்க்காமல் தன்னார்வலர்கள் நடத்துவது. விளம்பரம் கிடையாது, இரண்டு நிர்வாகிகள் இருக்கலாம், எப்போது வேண்டுமானாலும் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகலாம். ஒரே ஒரு சிக்கல், லேசில் சேர்க்க மாட்டார்கள். நிரலின் ஒவ்வொரு கோப்பையும் ஓர் ஆள் திறந்து பார்ப்பார். அது யாருடையது, எந்த உரிமத்தில் தருகிறீர்கள் என்று கோப்புக்குக் கோப்பு தலையில் எழுதியிருக்க வேண்டும். "கஷ்டம்தான், ஆனா இதுதான் சரி. உங்களுக்குச் சம்மதமோ?" என்று கேட்டிருந்தார். சம்மதம் என்று எழுதினேன். தேர்ந்தெடுத்தது அவ்வளவுதான். அதற்கப்புறம்தான் கூத்து.

எங்களைச் சோதித்தவர் பிரான்ஸில் இருக்கிற ஒருவர். அப்படி ஒரு பொறுமைசாலியை நான் பார்த்ததில்லை, அப்படி ஒரு பிடிவாதக்காரரையும் பார்த்ததில்லை. விண்ணப்பம் போடுவேன். வாரம் கழித்துப் பதில் வரும். இன்ன கோப்பில் வருஷம் இல்லை, இன்ன கோப்பில் பெயர் இல்லை, தயவுசெய்து திருத்தி மறுபடி விண்ணப்பியுங்கள், உங்கள் பொறுமைக்கு நன்றி. திருத்தி அனுப்புவேன். நான்கு வரி விளக்கக் குறிப்பு இருக்கிற கோப்பு, அதற்கும் உரிமம் எங்கே என்று கேட்டார். "ஏசப்பா, இந்த ஆளுக்கு வேறு ஜோலியே இல்லையா?" என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரு கடிதத்திலும் அவர் குரலை உயர்த்தியதில்லை. தமிழ் ஓர் எழுத்துத் தெரியாத மனுஷன் எங்கள் கோப்புகளைக் கடைசி வரி வரை பார்த்திருக்கிறார் என்பது பிறகுதான் உறைத்தது.

எப்படி உறைத்தது என்றால், கடைசி வரியில் ஒன்றைப் பிடித்துவிட்டார். எல்லாக் கோப்பின் அடியிலும் ஓர் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கிறதே, இந்தக் கம்பெனிதான் உரிமையாளரா என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிவகாசியில் அச்சாகிற தாள் எதுவாக இருந்தாலும் அடியில் பொடி எழுத்தில் பிரஸ் பெயர் இருக்க வேண்டும். அது இல்லாமல் வந்தால் பிளேட் போடுகிறவர் கையிலேயே வாங்க மாட்டார், திருப்பி அனுப்பிவிடுவார். டிடிபிக்குப் புதிதாக வருகிற பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் காரியமே அதுதான். கோப்பை முடித்தால் விரல் தானாகப் போய் அந்த வரியை அடித்துவிட்டு வரும். வீட்டுக் கம்ப்யூட்டரிலும் என் விரல் அதைத்தான் செய்திருக்கிறது. கண்ணும் அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போய்க் கவனிக்கவே இல்லை. நேசனோ அதை ஏதோ தேவையான வரி என்று நினைத்து, தான் எழுதிய கோப்புகளிலும் அப்படியே சேர்த்து வைத்திருக்கிறார், பாவம்.

அழித்துவிட்டேன், அது பழக்கத்தில் வந்தது என்று பிரான்ஸுக்கு எழுதினேன். அழித்தால் போதாது, அந்தக் கம்பெனிக்கு இதில் உரிமை இல்லை என்று அவர்கள் கையெழுத்தோடு வேண்டும் என்று பதில் வந்தது. உங்கள் பொறுமைக்கு நன்றி.

அதே வாரம் நேசனிடமிருந்து வந்த கடிதம் குட்டையாக இருந்தது. "இருமல் விடுகுதில்லை அக்கா. ஆஸ்பத்திரியில படம் எடுத்தவை. என்னவோ இருக்காம். அனுமதி வந்திட்டுதோ?"

அனுமதி வந்திட்டுதோ என்று அவர் கேட்ட கேள்விக்கு அர்த்தம் எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார முடிகிற காலத்திலேயே புது இடம் கிடைத்து, அவர் கையில் ஒரு சாவி போய்ச் சேர வேண்டும். அதற்கு அண்ணாச்சியின் கையெழுத்து வேண்டும். அது சீசன். அண்ணாச்சி அறை வாசலில் ஏஜென்டுகள் வரிசையாக நின்றார்கள். சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றேன், முடியவில்லை. சனிக்கிழமை சம்பளம் போடுகிற நேரத்தில் நின்றேன், முடியவில்லை. ஒருநாள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளேயே போய்விட்டேன்.

லென்ஸில் இருந்து கண்ணை எடுக்காமல் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "நம்ம பேரைப் போட்டிருக்க. அப்ப நம்ம பொருள்தான?" என்றார்.

இந்தத் தடவை என்னால் சும்மா நிற்க முடியவில்லை. "எப்படி அண்ணாச்சி நம்ம பொருளு? நம்ம மிஷின்ல அச்சு ஓடுச்சா? நீங்க பிளேட் போட்டீகளா? பேப்பர் குடுத்தீகளா? எங்க வீட்டுல நான் எழுதினேன். அங்க ஒரு மனுசன் மீன் வெட்டிட்டு வந்து எழுதினான். அவன் படுத்துக் கெடக்கான் அண்ணாச்சி!"

அண்ணாச்சி முதல் தடவையாக லென்ஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இரக்கப்படுகிறார் என்று நினைத்தேன். இல்லை. "நம்ம மிஷின்ல ஓடாத சரக்குலயா நம்ம பேரு இருக்கு?" என்றார். "அடி பாவி! நாளைக்கு அந்த ஆளு அதுல ஏதாச்சும் எழுதி வச்சான்னா போலீஸ் எவன் வீட்டுக்கு வரும்? பேரு போட்டிருக்கவன் வீட்டுக்குத்தான் வரும்." எப்போதோ ஒரு சுவரொட்டிக்காக அவரை ஸ்டேஷனில் நாள் முழுக்க உட்கார வைத்திருந்தார்களாம். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. "உடனே எழுது. கம்பெனிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைன்னு எழுது. எப்பவும் இருந்ததும் இல்லைன்னு சேர்த்துக்க."

நானே டைப் செய்தேன். கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பை இரண்டு தடவை அழுத்தினார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் படி இறங்கும்போது பாதியில் நின்று அந்தத் தாளை மறுபடி படித்தேன். இரண்டு சீசனாக அந்தக் கம்பெனியின் காலண்டர் முழுக்க அந்த நிரல் வழியாகத்தான் போயிருந்தது. ஒரு சம்பந்தமும் இல்லை, எப்பவும் இருந்ததும் இல்லை என்று என் கையாலேயே அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் சொல்லி அழுதிருப்பேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் பிரான்ஸிலிருந்து அனுமதி வந்தது. வரவேற்கிறேன், இவ்வளவு சுத்தமான கோப்புகளைப் பார்ப்பது அபூர்வம் என்று எழுதியிருந்தார். அன்றைக்கே நிரலை ஏற்றினேன், பழைய குறிப்புகளை ஏற்றினேன், இரண்டாவது நிர்வாகியாக நேசனின் பெயரைக் கொடுத்தேன். அவருக்கு ஒரு கடிதம் போகும், அதில் 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அவர் அமுக்க வேண்டும். அதுவரை அவர் பெயருக்குப் பக்கத்தில் 'காத்திருக்கிறது' என்று இருக்கும்.

காத்திருந்தது. தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் பூட்டிக் கிடந்தன. காலை பஸ்ஸில் ஆலை வேலைக்கென்று ஆமத்தூரில் ஏறுகிற பெண்கள் ஒருத்தரும் இல்லை. சீட்டெல்லாம் காலி, சத்தம் இல்லை. நான் எழுதிக்கொண்டே இருந்தேன். நேசன், இடம் கிடைத்துவிட்டது, வந்து பாருங்கள். நேசன், உடம்பு எப்படி இருக்கிறது? நேசன், பொத்தானை அப்புறம் அமுக்கலாம், ஒரு வரி எழுதுங்கள். மடற்குழுவில் விசாரித்தேன், அவரை நேரில் தெரிந்தவர் யாரும் இல்லை. நிரலில் ஒரு புதுப் பிழை வந்தது. திருத்திவிட்டு, சரிதானா என்று கேட்க ஆள் இல்லாமல் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் நம்பர் கேட்காமல் விட்டதற்கு என்னை நானே திட்டிக்கொண்டேன். கிறிஸ்துமஸுக்குச் சபையில் கொடுத்த கேக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து, பங்கு போட ஆள் இல்லாமல் முழுவதையும் நானே தின்றேன். அம்மா போன வருஷம்கூட எனக்கு அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நேசனின் முகவரியிலிருந்து கடிதம் வந்திருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருந்தது. அவர் ஒருநாளும் அப்படி எழுத மாட்டார்.

"அக்கா, நான் தவமலர், நேசன்ர மனுசி. அவர் கார்த்திகை மாதம் போயிட்டார். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, மகள் காட்டித் தந்தவள். உங்கட கடிதங்களை அவர் எனக்கு வாசிச்சுக் காட்டுறவர். விருதுநகரில எங்களுக்கு ஒரு அக்கா இருக்கிறா எண்டுதான் சொல்லுவார். ஆஸ்பத்திரியிலயும் திறப்பு வந்திட்டுதோ எண்டு கேட்டவர், எனக்கு என்ன திறப்பெண்டு விளங்கேல்லை. இப்ப அவரின்ர பெட்டியில ஒரு கடிதம் கிடக்கு. ஏற்கிறீங்களோ எண்டு கேக்குது. நான் ஒண்டும் தொடேல்லை. அதை அமுக்கிறதோ, விடுறதோ?"

பிரவுசிங் சென்டரில் அத்தனை பேர் நடுவே அழுதேன். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

ஒருவர் கணக்கை இன்னொருவர் தொடக் கூடாது என்பது அந்த இடத்தின் விதி. பிரான்ஸ்காரரிடம் கேட்டிருந்தால், வருத்தம் தெரிவித்துவிட்டு, தயவுசெய்து வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பார். நான் கேட்கவில்லை. இதைப் படிக்கிற யாராவது அவரிடம் சொன்னாலும் எனக்குக் கவலை இல்லை.

"அமுக்குங்கம்மா" என்று எழுதினேன்.

காலியாக இருந்த பக்கத்து நாற்காலியில் பையை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து எங்கள் நிரலின் பக்கத்தை மறுபடி திறந்தேன். நிர்வாகிகள் என்ற தலைப்பின் கீழே என் பெயர் இருந்தது, அதற்குக் கீழே நேசனின் பெயர் இருந்தது. பக்கத்தில் இருந்த 'காத்திருக்கிறது' போயிருந்தது.